ரெஃபரன்ஸ் பட்டியலில் என் பெயர் எங்கே போயிற்று?

வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஆய்வுக் கட்டுரையை ஜர்னலுக்கு அனுப்புவது பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ரெஃபரன்ஸ், அதாவது கட்டுரையின் கடைசியில் வரும் மேற்கோள் பட்டியல் பற்றித்தான். மூன்று வருஷம் காடு மேடெல்லாம் அலைந்து, எழுதி முடித்து, கடைசி இரண்டு பக்கத்தில் வந்து மாட்டிக்கொள்கிறார்கள் பிள்ளைகள். அந்தத் தவிப்பு எனக்குப் பழக்கமானது. வெளிநாட்டு ஜர்னல்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுக்கும் சென்னை நிறுவனம் ஒன்றில் பத்தொன்பது வருஷம் காப்பி எடிட்டராக இருந்தேன். அதில் பாதி நாள் ரெஃபரன்ஸ் பார்த்தே கழிந்தது. இப்போது கோத்தகிரியில் இருந்துகொண்டு, மலையில் படிக்கும் பிள்ளைகளின் கட்டுரைகளைப் பார்த்துக் கொடுக்கிறேன். இந்த மாதம் இந்தப் பக்கம் முழுக்க ரெஃபரன்ஸுக்கே.

*

கேள்வி: மேடம், வரையாடு பற்றிய என் கட்டுரை ‘ரெஃபரன்ஸ் எங்கள் ஸ்டைலில் இல்லை’ என்ற ஒற்றை வரியோடு திரும்பி வந்துவிட்டது. ரிவ்யூவருக்கே போகவில்லை. மொத்தம் 71 ரெஃபரன்ஸ். எங்கிருந்து ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை.
— ஆய்வு மாணவி, உதகமண்டலம்

மனசு தளர வேண்டாம். உங்களை வாசலிலேயே நிறுத்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். உங்கள் ஆய்வை அங்கே இன்னும் யாரும் படிக்கவில்லை. சரிசெய்து அனுப்பினால் படிப்பார்கள்.

முதலில் அந்த ஜர்னலின் ‘ஆசிரியர்களுக்கான குறிப்புகள்’ பக்கத்தைப் படியுங்கள். அதோடு நிற்காமல், அதே ஜர்னலில் இந்த வருஷம் வந்த ஒரு கட்டுரையை இறக்கி, அதன் கடைசிப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து மேஜைமேல் வைத்துக்கொள்ளுங்கள். குறிப்புகள் பக்கத்தைச் சில ஜர்னல்களில் வருஷக்கணக்காக யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். இப்போது எப்படி அச்சிடுகிறார்கள் என்பது அச்சான பக்கத்தில்தான் தெரியும்.

ஸ்டைல்கள் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் அடிப்படை இரண்டுதான். ஒன்று, வரிக்குள் ஆசிரியர் பெயரும் ஆண்டும் போட்டு, கடைசியில் பட்டியலை அகர வரிசையில் தருவது. இன்னொன்று, வரிக்குள் எண் மட்டும் போட்டு, கட்டுரையில் வரும் வரிசையிலேயே பட்டியலைத் தருவது. இந்த எண் முறையில் பெயர்பெற்றது வான்கூவர் ஸ்டைல். 1978இல் மருத்துவ ஜர்னல்களின் ஆசிரியர்கள் சிலர் கனடாவின் வான்கூவரில் கூடி, எல்லாருக்கும் பொதுவாக ஒரு வடிவம் வைத்துக்கொள்ளலாம் என்று பேசினார்கள். அந்த ஊர்ப் பெயரே ஒட்டிக்கொண்டது. பார்மஸி, மருத்துவம் படிக்கிறவர்களுக்கு எண் முறை பழக்கம். காட்டுயிர் ஆய்வில் பெரும்பாலும் பெயர்–ஆண்டு.

உங்கள் பட்டியலிலேயே ஒன்றை எடுத்துக்கொள்வோம். வரையாடு பற்றி எழுதியிருக்கிறீர்கள் என்றால், ரோப்பிக்கே, ஹசானின் இருவரும் 2005இல் எழுதிய கட்டுரை அதில் இல்லாமல் இருக்காது. நம் வரையாட்டையும் இமயமலையில் வாழும் ‘தார்’ ஆட்டையும் ஒரே பேரினத்தில் வைக்க முடியாது என்று மரபணுவை வைத்துக் காட்டிய கட்டுரை அது. அதற்கு அப்புறம்தான் வரையாட்டுக்கு ஹெமிட்ரேகஸ் என்ற பெயர் போய் நீல்கிரிட்ரேகஸ் வந்தது. வெளிவந்த இடம் ‘மாலிக்யுலர் ஃபைலோஜெனடிக்ஸ் அண்ட் எவலூஷன்’ ஜர்னல், தொகுதி 36, பக்கம் 154 முதல் 168 வரை.

பெயர்–ஆண்டு முறையில் ஆசிரியர் பெயர்களை ஒட்டியே 2005 வந்துவிடும். ஜர்னல் பெயர் பெரும்பாலும் முழுசாக, சாய்வெழுத்தில் வரும். வான்கூவரில் ஆண்டு பின்னால் போய்விடும். பெயருக்கும் இனிஷியலுக்கும் நடுவே கமா இருக்காது, இனிஷியலில் புள்ளி இருக்காது. ஜர்னல் பெயர் சுருங்கி ‘மால் ஃபைலோஜெனெட் எவல்’ ஆகிவிடும். அதன் பின்னால் 2005;36(1):154-68 என்று வரும். இந்த எண்களை நிதானமாகப் பாருங்கள். அரைப்புள்ளிக்குப் பின் இடைவெளி இல்லை. கோலனுக்குப் பின்னும் இல்லை. 168 என்பது 68 ஆகிவிட்டது, ஏனென்றால் முன்னால் இருக்கும் 1 ஏற்கெனவே 154இல் வந்துவிட்டது. உங்கள் ஜர்னல் 154–168 என்று முழுசாகக் கேட்டால் முழுசாகப் போடுங்கள். பாதி ரெஃபரன்ஸில் 68, பாதியில் 168 என்று மட்டும் இருக்கக் கூடாது.

ஜர்னல் பெயரை உங்கள் இஷ்டத்துக்குச் சுருக்காதீர்கள். அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் வைத்திருக்கும் பட்டியலில் தேடினால் பெரும்பாலான உயிரியல், மருத்துவ ஜர்னல்களின் சுருக்கம் கிடைக்கும். ‘நேச்சர்’, ‘சயின்ஸ்’ மாதிரி ஒற்றைச் சொல்லாக இருக்கும் பெயரைச் சுருக்குவதில்லை.

அதே ரோப்பிக்கேயும் ஹசானினும் அதே 2005இல் இன்னொரு கட்டுரையும் எழுதியிருக்கிறார்கள், வேறொரு ஜர்னலில், ஆடினங்களின் பரிணாமம் பற்றி. இரண்டையும் நீங்கள் பயன்படுத்தியிருந்தால் 2005ஏ, 2005பி என்று பிரிக்க வேண்டும். எது ஏ, எது பி என்பதற்கும் கணக்கு உண்டு. ஏ.பி.ஏ. (அமெரிக்க உளவியல் கழகம்) ஸ்டைலில் தலைப்பின் அகர வரிசை. இரண்டு தலைப்புமே ‘மாலிக்யுலர்’ என்றுதான் தொடங்குகிறது. அடுத்த சொல் ஒன்றில் ‘எவிடன்ஸ்’, மற்றதில் ‘ஃபைலோஜெனி’. ஆங்கிலத்தில் ‘ஈ’ முந்தும், அதனால் எவிடன்ஸ் கட்டுரைதான் ஏ. வேறு ஜர்னலில் கட்டுரைக்குள் எது முதலில் வருகிறதோ அது ஏ என்றிருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள். பட்டியலில் ஏ, பி போட்டுவிட்டுக் கட்டுரைக்குள் வெறும் 2005 என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

எண் முறை கேட்கும் ஜர்னல் என்றால் ஓர் இடத்தில் கவனமாக இருங்கள். அட்டவணைக்குள் மட்டும் வரும் ரெஃபரன்ஸுக்கு எந்த எண்? ‘அட்டவணை 2’ என்று கட்டுரையில் முதன்முதலாக எங்கே சொல்கிறீர்களோ, அந்த இடத்து வரிசைப்படிதான் அதற்கு எண். அட்டவணை கடைசிப் பக்கத்தில் இருக்கிறதே என்று கடைசி எண்ணைக் கொடுத்தால் தப்பு.

71 இருந்தாலும் ஒரே நாளில் செய்துவிடலாம். கட்டுரையைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு, பச்சைப் பேனாவால் ஒவ்வொரு சைட்டேஷனையும் (வரிக்குள் மேற்கோள் காட்டிய இடத்தை) வட்டமிடுங்கள். வட்டமிட்டதும் பட்டியலில் அதற்கு ஒரு டிக். முடித்த பிறகு டிக் இல்லாத ரெஃபரன்ஸ் எல்லாம் கட்டுரைக்குள் இல்லாதவை. பட்டியலில் கிடைக்காத வட்டம் எல்லாம் நீங்கள் சேர்க்க மறந்தவை. கம்ப்யூட்டரில் தேடிப் பார்ப்பதைவிட இதுதான் எனக்கு நம்பிக்கை.

ஒன்று சொல்ல வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், ஒரு கட்டுரைக்குள் 1969 என்றிருந்தது, பட்டியலில் அதே ஆசிரியர் 1996 என்றிருந்தது. நாள் முடிவதற்குள் கோப்பை அனுப்ப வேண்டும். ஆசிரியரிடம் கேள்வி எழுப்பாமல், பட்டியல்தான் சரியாக இருக்கும் என்று நினைத்துக் கட்டுரைக்குள் இருந்ததை 1996 ஆக்கிவிட்டேன். புரூஃப் பார்த்த ஆசிரியரும் கவனிக்கவில்லை. அச்சில் வந்த பிறகுதான் அவரிடமிருந்து கடிதம் வந்தது. உண்மையான ஆண்டு 1969. அந்தக் கட்டுரையின் வாதமே, இதை முதலில் சொன்னவர் யார் என்பதுதான். 27 வருஷத்தை அந்த மனிதரிடமிருந்து நான் எடுத்துவிட்டேன். அன்றைக்கு அந்த மூலக் கட்டுரையின் முதல் பக்கத்தைத் திறந்திருந்தால் இரண்டு நிமிஷ வேலை. இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருந்தால் ஒன்றை மற்றதோடு பொருத்தாதீர்கள். கட்டுரையைத் திறங்கள்.

*

கேள்வி: வரையாட்டின் அறிவியல் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ஓகில்பி, 1838 என்று வருகிறது. பெயர்–ஆண்டு சைட்டேஷன் போலவே இருக்கிறது. ஓகில்பியைப் பட்டியலில் சேர்க்க வேண்டுமா?
— முதுகலை மாணவர், கூடலூர்

அது சைட்டேஷன் இல்லை தம்பி. அந்த உயிரினத்துக்கு முதலில் அறிவியல் பெயர் வைத்தவர் யார், எப்போது என்று சொல்வது. ஜர்னல் தனியாகக் கேட்டால் ஒழியப் பட்டியலில் சேர்க்க வேண்டாம். ஆனால் அந்த அடைப்புக்குறியை மட்டும் எடுத்துவிடாதீர்கள். விலங்கியலில் அதற்கு அர்த்தம் உண்டு. ஓகில்பி பெயர் வைத்தபோது இந்த விலங்கு வேறு பேரினத்தில் இருந்தது, பிறகு மாறியது என்பதைத்தான் அந்த அடைப்புக்குறி சொல்கிறது. பேரினம் மாறாமல் இருந்தால் அடைப்புக்குறி இல்லாமல் பெயரும் ஆண்டும் மட்டும் வரும். தாவரவியலில் முதலில் பெயர் வைத்தவர் அடைப்புக்குறிக்குள்ளும், மாற்றியவர் வெளியிலும் வருவார்கள். நீலக்குறிஞ்சியின் பெயருக்குப் பின்னால் நீஸ் என்பவர் அடைப்புக்குறிக்குள் இருப்பது அதனால்தான்.

*

கேள்வி: என் பெயருக்கு முன்னால் இருக்கும் எழுத்து அப்பாவின் பெயர். என் கட்டுரையை வேறொருவர் மேற்கோள் காட்டியிருந்தார். ஆசையாகப் பட்டியலைப் பார்த்தால் என் பெயரே இல்லை. இரண்டு எழுத்துகள் மட்டும் இருந்தன. யார் செய்த தவறு இது? இனி என்ன செய்வது?
— உதவிப் பேராசிரியர், குன்னூர்

இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்கு வருத்தமாகிவிட்டது. இது நம் ஊர்ப் பெயர்களுக்கு அடிக்கடி நேரும் கஷ்டம், இதைப் பற்றி நம் கல்லூரிகளில் யாரும் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பதில்லை.

மு. செல்வி என்று ஒரு பெயர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மார்க் ஷீட்டில் ‘செல்வி மு’ என்று இருக்கும். ஜர்னலின் இணையப் படிவத்தில் இரண்டு கட்டங்கள்: முதல் பெயர், கடைசிப் பெயர். மார்க் ஷீட்டைப் பார்த்து, முதல் கட்டத்தில் செல்வி, கடைசிக் கட்டத்தில் மு என்று போட்டுவிடுகிறார்கள். அங்கேயே விஷயம் முடிந்துவிட்டது. ‘கடைசிப் பெயர்’ என்பது அந்தப் படிவத்தைப் பொறுத்தவரை குடும்பப் பெயர். ரெஃபரன்ஸ் பட்டியலில் முழுசாக வருவது அதுதான், மற்றது இனிஷியலாகச் சுருங்கும். ஆக, செல்வி ‘செ’ ஆகிவிடுவார். பட்டியலில் ‘மு செ’ என்று வரும். கட்டுரைக்குள் ‘மு, 2021’ என்று வரும். உங்களுக்கு நடந்ததும் இதுவாகத்தான் இருக்கும். மேற்கோள் காட்டியவர் மேல் தப்பில்லை. அவருடைய மென்பொருள் ஜர்னல் கொடுத்த தகவலை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறது.

சரிசெய்ய, மாற்றிப் போடுங்கள். கடைசிப் பெயர் கட்டத்தில் உங்கள் சொந்தப் பெயர். முதல் பெயர் கட்டத்தில் இனிஷியல். ‘செல்வி மு’ என்று பட்டியலில் வரும், ‘செல்வி, 2021’ என்று கட்டுரைக்குள் வரும். சர் சி.வி. ராமனை உலகம் முழுக்க ‘ராமன் சி.வி.’ என்றுதான் பட்டியலிடுகிறார்கள். எம்.எஸ். சுவாமிநாதன் ‘சுவாமிநாதன் எம்.எஸ்.’. சுவாமிநாதனின் இனிஷியலில் இருப்பது ஊரும் அப்பாவும். ராமனின் இனிஷியலில் இருப்பது அப்பாவும், ‘வெங்கட’ என்ற அவருடைய சொந்தப் பெயரின் முன்பாதியும். முழுசாக நிற்பது அவரவர் பெயர்.

இன்னொரு வழியையும் சிலர் எடுக்கிறார்கள். இனிஷியலை விரித்து, செல்வி முருகேசன் என்று அப்பா பெயரைக் கடைசியில் போடுவது. அப்போது பட்டியலில் ‘முருகேசன் செ’ என்று வரும். படிவங்களுக்கு அது தொந்தரவில்லாதது. ஆனால் ஆய்வு செய்தது செல்வி, பட்டியலில் நிற்பது முருகேசன். என்னைக் கேட்டால் உங்கள் பெயர் நிற்கட்டும் என்பேன். எதை எடுத்தாலும் முதல் கட்டுரையிலிருந்து ஓய்வு பெறும்வரை அதையே வைத்துக்கொள்ளுங்கள். கூடவே ஆர்க்கிட் (ORCID) என்ற ஆய்வாளர் அடையாள எண் வாங்கிவிடுங்கள். 2012இல் வந்த ஏற்பாடு, 16 இலக்க எண், இலவசம். பெயரை யார் எப்படி எழுதினாலும் அந்த எண் உங்களுடையது.

ஏற்கெனவே வெளிவந்த கட்டுரைக்கு, ஜர்னல் அலுவலகத்துக்கு எழுதுங்கள். ஜர்னல்கள் தங்கள் கட்டுரைகளின் தகவலைக் கிராஸ்ரெஃப் என்ற பொதுப் பதிவகத்துக்குக் கொடுக்கின்றன. ‘கட்டுரையில் என் பெயர் சரி, நீங்கள் கிராஸ்ரெஃபுக்குக் கொடுத்திருக்கும் தகவலில் பெயரும் இனிஷியலும் இடம் மாறியிருக்கின்றன, திருத்தித் தாருங்கள்’ என்று குறிப்பாகக் கேளுங்கள். பொதுவாகப் ‘பெயர் தப்பு’ என்று எழுதினால் பிடிஎஃபைப் பார்த்துவிட்டு ‘சரியாகத்தான் இருக்கிறது’ என்று பதில் வரும்.

மற்றத் தமிழர்களின் கட்டுரையை நீங்கள் மேற்கோள் காட்டும்போதும் இந்தக் கவனம் வேண்டும். மென்பொருள் கொடுக்கும் பெயரை நம்பாமல் பிடிஎஃபின் முதல் பக்கத்தைப் பாருங்கள். எது பெயர், எது இனிஷியல் என்று வெள்ளைக்காரக் காப்பி எடிட்டருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

*

கேள்வி: ஸொட்டெரோ இருக்கும்போது இதெல்லாம் எதற்கு? கைடு ‘கையால் செய்’ என்கிறார்.
— ஆய்வு மாணவர், உதகமண்டலம்

ரெஃபரன்ஸ்களைச் சேமித்து வடிவம் மாற்றித் தரும் மென்பொருள்தானே ஸொட்டெரோ, தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் 2006இல் உருவானது, காசு கொடுக்க வேண்டியதில்லை. ஒரு ஜர்னல் திருப்பி அனுப்பினால் அடுத்த ஜர்னலின் ஸ்டைலுக்கு 71 ரெஃபரன்ஸையும் ஒரே சொடுக்கில் மாற்றித் தரும். கமா, புள்ளி, சாய்வெழுத்து எல்லாம் அதன் பொறுப்பு. ஆனால் பெயர், ஆண்டு, தொகுதி, பக்கம் சரிதானா என்று அதற்குத் தெரியாது. உள்ளே போனதுதான் வெளியே வரும். ஒவ்வொன்றையும் சேர்க்கும் அன்றைக்கே பிடிஎஃபோடு ஒப்பிட்டுவிடுங்கள்.

மூன்று விஷயம் பழகிக்கொள்ளுங்கள். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவருக்குப் பெயர்க் கட்டத்தை ஒற்றைக் கட்டமாக மாற்ற ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அமுக்குங்கள். தலைப்பில் முதல் சொல்லுக்கும் சிறப்புப் பெயர்களுக்கும் மட்டும் பெரிய எழுத்து வைத்துச் சேமியுங்கள். எல்லாச் சொல்லுக்கும் பெரிய எழுத்து வேண்டுமென்று ஜர்னல் கேட்டால் மென்பொருளே மாற்றும், திருப்பி மாற்ற அதற்கு வராது. மூன்றாவது, வேர்ட் கோப்பில் வந்து விழுந்த சைட்டேஷனைக் கையால் திருத்தாதீர்கள். அடுத்த முறை புதுப்பிக்கும்போது உங்கள் திருத்தம் போய்விடும்.

*

கேள்வி: கொடைக்கானல் பக்கத்துத் தாவரங்கள் பற்றி எழுதுகிறேன். பழைய நூல்களில் பழனி மலையை ஒவ்வொருவர் ஒவ்வொரு மாதிரி எழுதியிருக்கிறார்கள். ஒரே மாதிரி ஆக்கிவிடலாமா? மேலும், ஃபைசன் நூலை நான் பார்த்ததில்லை. மேத்யூ நூலில் அவர் சொன்னதாக வருவதை எடுத்துப் போட்டிருக்கிறேன்.
— கல்லூரி ஆசிரியர், கொடைக்கானல்

ஐயா, தலைப்பில் கை வைக்காதீர்கள். ஃபைசன் 1915இல் வெளியிடத் தொடங்கிய நூலின் தலைப்பில் நம் மலை ‘புல்னி’. திருச்சி ரேபினட் ஹெர்பேரியத்திலிருந்து (உலர்த்திய தாவர மாதிரிகளின் காப்பகம்) 1999இல் மூன்று பாகமாக வந்த மேத்யூவின் நூலில் அது ‘பல்னி’. உங்கள் கட்டுரைக்குள் ‘பழனி’ என்பதை எந்த எழுத்துக்கூட்டலில் வேண்டுமானாலும் எழுதுங்கள், முதலிலிருந்து கடைசிவரை அதையே வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் மட்டும் முகப்புப் பக்கத்தில் அச்சாகியிருப்பது எழுத்துக்கு எழுத்து அப்படியே வர வேண்டும். நூலக அட்டவணையில் அந்தப் பெயரில்தான் அந்த நூல் கிடைக்கும். நீங்கள் ‘திருத்தினால்’ அடுத்த ஆள் தேடிக் கிடைக்காமல் திரும்பிவிடுவார். நீலகிரிக்கும் இதே கதைதான். 19ஆம் நூற்றாண்டு நூல்களில் ‘நீல்கெர்ரி’ என்று இருக்கும். ஊட்டிக்கு ‘ஊட்டகமண்ட்’. பதிப்பித்த இடமும் அப்படியே. முகப்பில் மெட்ராஸ் என்றிருந்தால் மெட்ராஸ்தான், சென்னை என்று மாற்றக் கூடாது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஜர்னலை மும்பை என்று மாற்றியிருந்த ஒரு கட்டுரையை நான் பார்த்திருக்கிறேன். ஊர்ப் பற்று நல்லதுதான், ஆனால் அந்தப் பெயரில் ஜர்னலே கிடையாது.

இரண்டாவது கேள்விக்கு: பார்க்காத நூலைப் பார்த்ததாகப் பட்டியலில் போடாதீர்கள். ‘ஃபைசன் 1915, மேத்யூ 1999இல் எடுத்தாளப்பட்டது’ என்று கட்டுரைக்குள் எழுதி, பட்டியலில் மேத்யூவை மட்டும் போடுவதுதான் வழக்கம். ஆனால் அதற்கு முன்னால் ஒரு முயற்சி செய்யுங்கள். பழைய தாவரவியல் நூல்களில் பலவற்றை பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரியும் இன்டர்நெட் ஆர்க்கைவும் பக்கம் பக்கமாகப் படம்பிடித்து இலவசமாக வைத்திருக்கின்றன. ஒரு சாயங்காலம் தேடினால் போதும். மூலத்தைப் பார்த்தபின் சில சமயம், இடையில் ஒருவர் உயரத்தை அடியிலிருந்து மீட்டருக்கு மாற்றும்போது தவறியிருப்பதெல்லாம் தெரியவரும். எனக்கு இரண்டு தடவை தெரியவந்திருக்கிறது.

*

கேள்வி: எவர்ஷெட் விளைவு பற்றிய மூலக் கட்டுரை 1909இல் வந்தது. டி.ஓ.ஐ. போடு என்று ஜர்னல் கேட்கிறது. அந்தக் காலத்தில் ஏது டி.ஓ.ஐ.?
— இயற்பியல் மாணவி, கொடைக்கானல்

நீங்கள் இருக்கும் ஊரில், சூரிய ஆய்வகத்தில், 1909 ஜனவரியில் கண்டுபிடிக்கப்பட்டதை அந்த ஊரிலிருந்தே மேற்கோள் காட்டுகிறீர்கள். சூரியப் புள்ளிகளில் வாயு ஓடுவதைப் பற்றிய கண்டுபிடிப்பு அது. கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. டி.ஓ.ஐ. (ஒவ்வொரு கட்டுரைக்கும் தரப்படும் நிரந்தர இணைய அடையாள எண்) 2000ஆம் ஆண்டில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆனால் பல ஜர்னல்கள் பழைய தொகுதிகளை எல்லாம் கணினியில் ஏற்றி, அவற்றுக்கும் எண் கொடுத்துவிட்டன. எவர்ஷெட் கட்டுரை ராயல் வானியல் கழகத்தின் மாத இதழில், தொகுதி 69, பக்கம் 454இல் இருக்கிறது. அதற்கும் டி.ஓ.ஐ. உண்டு. கிராஸ்ரெஃப் தளத்தில் தலைப்பைப் போட்டுத் தேடுங்கள். எண் எப்போதும் 10 என்று தொடங்கி ஒரு புள்ளி வைக்கும். முழு இணைப்பாக எழுதுங்கள், கடைசியில் முற்றுப்புள்ளி வேண்டாம், அதையும் இணைப்போடு சேர்த்துச் சொடுக்கினால் பக்கம் திறக்காமல் போகலாம். தேடியும் எண் இல்லாத பழைய கட்டுரை என்றால் விட்டுவிடுங்கள், ஜர்னல் ஒன்றும் சொல்லாது.

*

கேள்வி: எங்கள் ஹட்டியில் (படகர் ஊரில்) என் பாட்டி சொன்ன மூலிகைத் தகவல்தான் என் கட்டுரையின் உயிர். எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. பாட்டியை எப்படி ரெஃபரன்ஸாகப் போடுவது?
— ஆய்வு மாணவி, கோத்தகிரி அருகில்

நல்ல கேள்வி கேட்டீர்கள் பெண்ணே. போகிற போக்கில் பாட்டி சொன்ன ஒரு தகவலை மட்டும் எடுத்திருந்தால், கட்டுரைக்குள் அவர் பெயர், ‘நேரில் சொன்னது’, மாதம், ஆண்டு என்று அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். பெரும்பாலான ஸ்டைல்களில் இது பட்டியலுக்கு வராது, ஏனென்றால் படிக்கிறவர் தேடிப் போய் எடுத்துப் பார்க்க அங்கே எதுவும் இல்லை. பட்டியலில் இல்லை என்பதால் மதிப்புக் குறைவு என்று நினைக்காதீர்கள்.

ஆனால் உங்கள் கட்டுரையின் உயிரே அதுதான் என்கிறீர்கள். அப்படியானால் அது ரெஃபரன்ஸே இல்லை, உங்கள் தரவு. ஆய்வு முறை என்ற பகுதியில் யாரிடம், எந்த ஊரில், எந்த மொழியில், எத்தனை முறை கேட்டீர்கள், சம்மதம் எப்படி வாங்கினீர்கள் என்று எழுதுங்கள். பாட்டிதானே என்று சம்மதத்தை விட்டுவிடாதீர்கள். எது வெளியே போகிறது என்று அவருக்குப் படகா மொழியிலேயே படித்துக் காட்டிவிட்டு, பெயர் போடலாமா வேண்டாமா என்று கேளுங்கள். போட வேண்டும் என்று அவர் சொன்னால் நன்றியுரையில் முழுப் பெயரோடு போடுங்கள். கல்லூரியின் நெறிமுறைக் குழு அனுமதி எண்ணையும் ஜர்னல் கேட்கும்.

செடியின் மாதிரியை அழுத்தி உலர்த்தி ஒரு ஹெர்பேரியத்தில் கொடுத்து எண் வாங்கிவிடுங்கள். கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஹெர்பேரியம் இருக்கிறது. பாட்டி சொன்ன பெயர் எந்தச் செடிக்கு என்று ஐம்பது வருஷம் கழித்து ஒருவர் சரிபார்க்க வேண்டுமானால், அந்த எண்ணை வைத்துக்கொண்டு அந்த இலையைப் பார்க்க முடியும். மூலிகைக் கட்டுரைக்கு இதைவிடப் பெரிய ரெஃபரன்ஸ் இல்லை.

தமிழ் நூல் ஏதாவது பயன்படுத்தியிருந்தால், தலைப்பை ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து, பக்கத்தில் சதுர அடைப்புக்குள் மொழிபெயர்ப்பு, கடைசியில் ‘தமிழில்’ என்று ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு. மொழிபெயர்ப்பை மட்டும் போட்டால் அந்தப் பெயரில் நூல் எங்கும் கிடைக்காது.

*

கேள்வி: ஏஐயிடம் கேட்டால் ரெஃபரன்ஸ் பட்டியலை அழகாகத் தந்துவிடுகிறதே?
— பெயர் வேண்டாம், கொடைக்கானல்

அழகாகத் தரும். போன மாதம் ஒரு பையன் கொண்டுவந்த பட்டியலில் கமா ஒன்றுகூடத் தப்பில்லை. 12 ரெஃபரன்ஸில் முதல் மூன்றின் டி.ஓ.ஐ.யைத் திறந்து பார்த்தோம். ஒன்று திறக்கவே இல்லை. இன்னொன்று சம்பந்தமில்லாத வேறு கட்டுரைக்குப் போனது. மூன்றாவது சரியான கட்டுரைதான், ஆனால் அதில் அவன் எழுதியிருந்த விஷயம் இல்லை. நான்காவதைத் திறக்க நான் விடவில்லை. பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, அவன் உண்மையிலேயே படித்த கட்டுரைகள் எவை என்று கேட்டேன். ஐந்து இருந்தது. அந்த ஐந்தோடு ஆரம்பித்தோம்.

இல்லாத கட்டுரையை இருப்பதாக எழுதுவது பொய்ச் சாட்சி. அதைச் செய்யாதீர்கள். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும், நீங்கள் படித்த ரெஃபரன்ஸ்களின் வடிவத்தை மாற்றத்தான் வேண்டுமென்றால் அதற்கு ஸொட்டெரோ போதும்.

*

அடுத்த இதழுக்கு எழுதுகிறவர்களுக்கு: ரெஃபரன்ஸ் ஒன்றைத் தட்டச்சு செய்து ‘இது சரியா’ என்று மட்டும் கேட்டு நிறையப் பேர் அனுப்புகிறீர்கள். கூடவே அந்தக் கட்டுரையின் முதல் பக்கத்தையும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். நூலாக இருந்தால் முகப்புப் பக்கம், அதன் பின்பக்கம் இரண்டும். அது இல்லாமல் என்னால் கமாவைப் பற்றி மட்டும்தான் சொல்ல முடியும்.